ஆர்டர் குவியும்போதே வீட்டுத் தொழில் ஏன் நின்றுபோகிறது?

கேள்வி இதுதான்: "என் அக்கா அம்பத்தூரில் மூன்று வருடமாக வீட்டிலேயே இட்லி மாவும் பொடியும் போட்டு விற்கிறார். கடைக்காரர்களே தேடி வந்து கேட்கிறார்கள். ஆனாலும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை, நிறுத்திவிடலாமா என்கிறார். அதே தெருவில் தையல், கேக், சேலை என்று ஆரம்பித்தவர்களும் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். வீட்டுத் தொழில் ஏன் நிலைப்பதில்லை?"

வாங்க ஆள் இல்லாமல் நிற்கும் தொழில் பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே நின்றுவிடும். உங்கள் அக்காவின் கதை அது இல்லை. ஆர்டர் இருந்தும் மூன்றாவது வருடத்தில் மூச்சு முட்டுகிறது என்றால் காரணம் வேறு. வீட்டில் தொடங்கும்போது பல விஷயங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இடத்துக்கு வாடகை இல்லை, ஃபிரிட்ஜ் ஏற்கெனவே இருக்கிறது, கேஸும் தண்ணீரும் வீட்டுக் கணக்கில் போகின்றன, உழைப்புக்குக் கூலி இல்லை. அந்த இலவசங்களை நம்பி விலை வைத்துவிடுகிறோம். ஆர்டர் கூடும்போது அவை ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோகும். அப்போது காசு கொடுத்து வாங்க வேண்டி வரும், ஆனால் வைத்த விலையில் அதற்கு இடமே இருக்காது.

மாவுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். விலை வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் இதை உதாரணமாக வைத்து, உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். 4 கிலோ இட்லி அரிசிக்கு 1 கிலோ உளுந்து போட்டால் சுமார் 12 கிலோ மாவு வரும். அரிசி கிலோ 48 என்றால் 192 ரூபாய், உளுந்து 140, உப்பும் வெந்தயமும் 10. ஆக 342. அண்ணாச்சி கடைக்குக் கிலோ 36 என்று கொடுத்தால் 432 வரும். "90 ரூபாய் லாபம்" என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடும்.

இப்போது விட்டுப்போனவற்றைச் சேருங்கள். 12 கவர், ஒன்று 3 ரூபாய் வீதம் 36. கேன் தண்ணீர் 15. மின்சாரம் 10. மொத்தச் செலவு 403 ஆகிவிட்டது, மிச்சம் 29 ரூபாய். கடையில் விற்காமல் புளித்து ஒரு பாக்கெட் திரும்பி வந்தாலே அந்த 29ம் போய் 7 ரூபாய் நஷ்டம். இத்தனைக்கும் ஊறவைப்பது, கழுவுவது, அரைப்பது, கிரைண்டரைக் கழுவுவது, கவரில் போட்டு எடை பார்ப்பது, கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் சேர்த்து மூன்றரை மணி நேர வேலை. அந்த நேரத்துக்கு ஒரு பைசாகூட இந்தக் கணக்கில் ஏறவில்லை.

மணிக்கு 70 ரூபாய் கூலி வைத்தால் 245 ரூபாய். 403ஐயும் 245ஐயும் கூட்டி 12ஆல் வகுத்தால் கிலோ 54 ரூபாய் ஆகிறது. அதுதான் உங்கள் மாவின் உண்மையான அடக்க விலை. 36க்கு விற்பது என்றால் ஒவ்வொரு கிலோவுக்கும் அக்கா தன் உழைப்பிலிருந்து 18 ரூபாயை எடுத்துக் கடைக்காரருக்குக் கொடுக்கிறார் என்று அர்த்தம்.

"அளவைக் கூட்டினால் சரியாகிவிடுமே?" என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஒரே நாளில் 36 கிலோ போட்டால் வேலை மூன்று மடங்காகாது. ஊறவைப்பதும் கழுவுவதும் டெலிவரியும் ஒன்றாக நடப்பதால் ஆறு மணி நேரத்தில் முடித்துவிடலாம். அப்போது கூலியும் சேர்த்துக் கிலோ 45 ரூபாயில் அடங்கும். ஆனால் 36 கிலோவை அந்த வீடு தாங்குமா என்பதுதான் கேள்வி. பெரும்பாலான தொழில்கள் நிற்பது இந்த இடத்தில்தான்: கூலி கட்டுப்படியாக அளவு பெரிதாக வேண்டும், அந்த அளவுக்கு வீடு சிறிது.

வீடு தாங்காமல் போவது எப்படி என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பலர் கைப்பக்குவக் குறை என்று நினைத்துத் தங்களையே நொந்துகொள்கிறார்கள். வீட்டு மிக்ஸியின் அடியில் மோட்டார் ரேட்டிங் 30 நிமிடம் என்று எழுதியிருக்கும். அது நாள் முழுக்க ஓட்டச் செய்ததல்ல. பொடிக்காகத் தொடர்ந்து ஓட்டினால் முதலில் ஜாரையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளர் தேயும், பிறகு மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று எரியும், வியாபார உபயோகம் என்று தெரிந்தால் வாரண்டியும் கிடைக்காது. 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டரும் அப்படித்தான். அடுத்தடுத்து ஐந்து ஈடு போட்டால் கல் சூடேறி, அந்தச் சூடு மாவுக்கு இறங்கும். உளுந்து சூடாக அரைபட்டால் பொங்காது, மாவும் சீக்கிரம் புளிக்கும். வியாபாரத்துக்கு 10 லிட்டர் டில்டிங் (சாய்த்து மாவை எடுக்கும்) கிரைண்டர் வேண்டும், அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் விட வேண்டும்.

அடுத்து ஃபிரிட்ஜ். 200 லிட்டர் வீட்டு ஃபிரிட்ஜில் 20 கிலோ மாவை ஒரே நேரத்தில் அடுக்கினால் நடுவில் இருக்கும் பாக்கெட் குளிர்வதற்குப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் நடுப்பாக்கெட் புளித்து உப்பிவிடும், ஓரத்துப் பாக்கெட் நன்றாக இருக்கும். ஒரே ஈடு மாவில் ஒரு வாடிக்கையாளர் பாராட்டுவதும் இன்னொருவர் திட்டுவதும் இதனால்தான். பாக்கெட்டுகளுக்கு நடுவே காற்றுப் போக இடம் விட வேண்டும், 4 அல்லது 5 டிகிரிக்கு இறங்கிய பிறகே கடைக்கு அனுப்ப வேண்டும். கடையிலும் ஒரு சிக்கல் உண்டு. கரண்ட் மிச்சம் பிடிக்க இரவில் ஃபிரிட்ஜை அணைத்துவிடும் கடைகள் இருக்கின்றன. சித்திரை, வைகாசி வெயிலில் அப்படிப்பட்ட கடைக்கு மாவு கொடுத்தால் ரிட்டர்ன் நிச்சயம். கொடுப்பதற்கு முன் ஒரு நாள் காலையில் கடை திறக்கும் நேரத்தில் போய் ஃபிரிட்ஜுக்குள் கை வைத்துப் பாருங்கள், போதும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்துவதாக அறிவிப்பு வந்தால் காலை 9 மணியிலிருந்து மதியம் 2 வரை பெரும்பாலும் வராது. அன்றைக்கு ஈடு போடாமல் இருப்பது நல்லது.

மின்கட்டணமும் மெல்லத்தான் கடிக்கும். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு முதல் சில யூனிட்டுகள் இலவசம். கிரைண்டரும் கூடுதல் ஃபிரிட்ஜும் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கணக்குப் போடும் ஸ்லாபே (யூனிட் விலைப் படியே) மாறி, பில் சட்டென்று ஏறும். அந்த ஏற்றத்தை வீட்டுச் செலவில் போட்டுவிட்டு, தொழில் லாபத்தில் ஓடுகிறது என்று நம்பிக்கொண்டிருப்போம். சிலிண்டரும் இதே கதைதான். 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும். முறுக்கு, மெஸ் சாப்பாடு என்று வியாபாரத்துக்கு எரிப்பது சட்டப்படி தவறு, 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர்தான் எடுக்க வேண்டும். வீட்டு சிலிண்டர் விலையில் அடக்கம் போட்டவருக்கு கமர்ஷியலுக்கு மாறும் மாதத்தில் லாபம் காணாமல் போகும். முதல் நாளே கமர்ஷியல் விலையில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பொடி வியாபாரத்தில் சென்னையின் ஈரக் காற்றுதான் எதிரி. வறுத்த பருப்பு முழுதாக ஆறுவதற்கு முன் அரைத்தாலும், அரைத்த சூட்டோடு கவரில் போட்டாலும், உள்ளே வியர்த்துக் கட்டி தட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே பரப்பி ஆறவைத்தால் காற்றிலிருந்தே ஈரம் இழுக்கும். எள், வேர்க்கடலை, கொப்பரை சேர்த்த பொடிகளில் எண்ணெய் அதிகம் என்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வரும், பருப்புப் பொடிக்குப் போடும் அதே கெடு நாளை அவற்றுக்கும் போடக் கூடாது. சாதாரண பாலித்தீன் கவரில் மணம் நிற்காது, அலுமினிய லேமினேட் பவுச் வேண்டும். ஒவ்வொரு ஈட்டிலிருந்தும் ஒரு பாக்கெட்டை எடுத்து வீட்டு அலமாரியில் வைத்து, 15ஆம் நாள், 30ஆம் நாள், 45ஆம் நாள் பிரித்து முகர்ந்து பாருங்கள். லேபிளில் எத்தனை நாள் என்று போடுவது என்பதற்கு அதுவே முதல் சோதனை. பலகாரம் போடுகிறவர்களுக்கு ஒன்று: காய்ந்த எண்ணெயையே மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதால்தான் பத்தாம் நாளே முறுக்கு சிக்கடிக்கிறது. எண்ணெய் கெடக் கெட அதில் சேரும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்துக்கு மேல் போனால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. நுரை அடங்காமல், நிறம் கறுத்து, கையில் பிசுபிசுத்தால் அதைக் கழித்துவிடுங்கள்.

தையலும் ஆரி எனப்படும் எம்பிராய்டரி வேலையும் செய்கிறவர்களிடம் கெட்டுப்போகும் சரக்கு இல்லை. அங்கே காலியாவது நேரம்தான். கல்யாணப் பெண்ணின் ப்ளவுஸுக்கு 2,500 ரூபாய் பேசுகிறார்கள். ஜரிகை, கற்கள், லைனிங் எல்லாம் 600 போக 1,900 மிச்சம் என்று சந்தோஷப்படுவார்கள். ஃப்ரேமில் மாட்டி வரைந்து முடிப்பதற்குள் 30 மணி நேரம் போயிருக்கும், மணிக்கு 63 ரூபாய்தான். பிறகு "கை கொஞ்சம் இறுக்கம்" என்று இரண்டு முறை பிரித்துத் தைத்தால் அதுவும் குறையும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, ஆர்டர் வராது. ஆவணியிலும் தையிலும் எல்லாரும் ஒரே வாரத்தில் கேட்பார்கள். அந்த வாரத்தில் முடியாது என்று சொல்லத் தெரியாததால் தேதி தவறி, அடுத்த வருட ஆர்டர்களையும் இழக்கிறார்கள். ஒரு மாதத்தில் கை எத்தனை ப்ளவுஸ் தாங்கும் என்று எண்ணிச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டு, அது நிரம்பியதும் அட்வான்ஸ் வாங்குவதை நிறுத்துவதுதான் வழி. ஒரு முறை ஆல்டர் செய்வது இலவசம், அடுத்ததற்குக் காசு என்று அட்வான்ஸ் வாங்கும்போதே ரசீதில் எழுதிவிட வேண்டும்.

கேக்கைப் பற்றி ஒரே ஒரு விஷயம். விப்பிங் கிரீம் கேக்கைப் பகல் வெயிலில் வேளச்சேரியிலிருந்து பெரம்பூருக்கு டூவீலரில் அனுப்பினால் அது உருகாமல் போய்ச் சேராது. தூரத்துக்கு ஓர் எல்லை போட்டு, அதற்கு வெளியே என்றால் அவர்களே ஏசி காரில் வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

சேலையை மொத்தமாக வாங்கி விற்கும் ரீசெல்லர்கள் நிறுத்துவதற்குக் காரணம் முழுக்க முழுக்கப் பணச் சுழற்சி. 30,000 ரூபாய்க்கு 50 சேலை எடுக்கிறார்கள், ஒன்று 600 அடக்கம். 750க்கு விற்கிறார்கள். 38 சேலை விற்றதும் 28,500 கைக்கு வருகிறது. சேலைக்கு 150 வீதம் 5,700 லாபம் என்று எடுத்து வீட்டுக்குச் செலவு செய்துவிடுகிறார்கள். கையில் நிற்பது 22,800. அடுத்த தடவை 38 சேலைதான் எடுக்க முடியும். மீதி 12 சேலை, யாரும் விரும்பாத நிறமும் பார்டருமாக, பீரோவில் தூங்கும். இப்படியே நான்கைந்து சுற்று போனால் போட்ட முதலில் பெரும்பகுதி பழைய சேலையாக மாறியிருக்கும். "நல்லாத்தான் வித்துது, ஆனா காசு எங்கே போச்சுன்னே தெரியல" என்பார்கள். அந்த 12 சேலைக்குள்தான் போயிருக்கிறது. ஒரு சுற்றில் போட்ட முதல் முழுக்கத் திரும்பி வரும்வரை, அதாவது இந்தக் கணக்கில் 40 சேலை விற்கும்வரை, லாபம் என்று ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது. இரண்டு மாதம் தாண்டிய சேலையை அடக்கத்துக்கே தள்ளிவிடுங்கள். தவணைக்குக் கொடுப்பதாக இருந்தால் முதல் தவணை குறைந்தது அடக்க விலையில் பாதியாவது இருக்கட்டும்.

பணம் இப்படிக் காலியான பிறகுதான், கடன் கொடுத்துத் தினமும் வசூலிக்கும் தண்டல்காரர் வாசலுக்கு வருகிறார். சென்னையில் வீட்டுத் தொழில்களை மிச்சம் வைக்காமல் தின்பது அதுதான் என்பேன். 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுப்பார்கள், தினம் 100 வீதம் நூறு நாளில் திருப்ப வேண்டும். 1,500தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக்கொண்டிருப்பதால் சராசரியாக நம் கையில் இருப்பது அதில் பாதிப் பணம்தான். கணக்குப் போட்டால் வட்டி ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டும். தினம் 29 ரூபாய் மிஞ்சும் மாவுத் தொழில் தினம் 100 ரூபாயை எங்கிருந்து கொடுக்கும்? தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டலையும் பெயர் சொல்லியே தடை செய்கிறது. கிரைண்டர் வாங்கத்தான் கடன் என்றால் வங்கியில், மத்திய அரசின் சிறு தொழில் கடன் திட்டமான முத்ராவின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கேட்கலாம். அதற்குச் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு உதவும். அரசு இணையதளத்தில் அது முற்றிலும் இலவசம், காசு கேட்கும் தளங்கள் இடைத்தரகர்களுடையவை. மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் குழுக் கடனும் தண்டலைவிட எத்தனையோ மேல்.

உணவுத் தொழிலில் பதிவு இல்லாமலிருப்பதும் வளர்ச்சியைத் தடுக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதிவுக்குச் சிறு தயாரிப்பாளர் ஆண்டுக்குக் கட்டியது 100 ரூபாய்தான். அந்த 14 இலக்க எண் இல்லாமல் சூப்பர் மார்க்கெட்டும் உணவு ஆப்களும் சேர்க்க மாட்டார்கள். லேபிளில் பெயர், முகவரி, நிகர எடை, எம்.ஆர்.பி., தயாரித்த தேதி, புகார் எண் எல்லாம் இருக்க வேண்டும். ஆப்பில் சேருவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள்: கமிஷனும் தள்ளுபடியும் சேர்ந்து கால் பங்கு வரை, சில நேரம் அதற்கு மேலும் போகும். வீட்டுக்கு வந்து வாங்குபவரிடம் 100 ரூபாய்க்கு விற்கும் சாப்பாட்டை அங்கேயும் 100க்குப் போட்டால் நஷ்டம்தான்.

தொழிலுக்கே சம்பந்தமில்லாத முடிவுகளும் உண்டு. வாடகை வீட்டு ஒப்பந்தம் 11 மாதம். கிரைண்டர் சத்தம் என்று மேல் வீட்டுக்காரர் சொன்னால் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வார். மேற்கு மாம்பலத்திலிருந்து மடிப்பாக்கத்துக்குக் குடிபோனால் மாவு வாங்கியவர்களில் ஒருவர்கூடக் கூட வரமாட்டார். மாமியாருக்கு ஆபரேஷன், பிள்ளைக்குப் பொதுத் தேர்வு என்று இரண்டு மாதம் நிறுத்தினால் கடைக்காரர் வேறு மாவு வைத்துவிடுவார். தரைத்தள வீட்டில் அரிசி மூட்டையைத் தரையில் வைத்திருந்தவர்களுக்கு 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும் சரக்கு முழுவதையும் கொண்டுபோயின. வேளச்சேரி, முடிச்சூர் போன்ற தாழ்ந்த பகுதிகளில் ஐப்பசி தொடங்கியதும் சரக்கை மூன்றடி உயரத்தில் ஏற்றிவிட்டு, பத்து நாளுக்கு மேல் இருப்பு வைக்காமலிருப்பதே பாதுகாப்பு. ஆபரேஷன், தேர்வு போன்ற நேரங்களில் வேலை நிற்காமலிருக்க, இன்னொரு கை அந்த வேலையைக் கற்றிருக்க வேண்டும். அளவுகளையும் ஊறும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிச் சமையலறையில் ஒட்டினாலே பாதி வேலை முடிந்தது.

இனி உங்கள் அக்கா என்ன செய்யலாம்? முதலில் தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கும் அதற்குத் தனி கியூஆர் அட்டையும். கடைக்காரர் போடும் பணம் அதில்தான் விழ வேண்டும், அரிசியும் உளுந்தும் கொத்தவால்சாவடி மொத்தக் கடையில் வாங்கினாலும் தெருமுனையில் வாங்கினாலும் அதிலிருந்துதான் போக வேண்டும். வீட்டுக்குப் பால் வாங்க அதைத் தொடக் கூடாது. வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், உழைத்த மணிகளை எண்ணிக் கூலியாக வீட்டுக் கணக்குக்கு மாற்றலாம். முப்பது நாள் இப்படி ஓட்டினால் எந்தச் சரக்கு சம்பாதிக்கிறது, எது தின்கிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் பொடி சம்பாதிக்கும், மாவு தின்னும்.

பிறகு விலை. 36ஐ 42 ஆக்கினால் வாடிக்கை போய்விடும் என்ற பயம் நியாயமானது, ஆனால் கணக்கைப் பாருங்கள். 12 கிலோவில் 4 கிலோ வாங்குகிறவர்கள் போய்விட்டார்கள் என்றே வைப்போம். 8 கிலோ, 42 வீதம் 336. செலவு 269. மிச்சம் 67. மூன்றில் ஒரு பங்கு வாடிக்கை போனபிறகும், முன்பு 12 கிலோவில் கிடைத்த 29ஐவிட இரண்டு மடங்குக்கு மேல், வேலையும் குறைவு. ரிட்டர்ன் அதிகம் வரும் கடைகளை முதலில் விட்டுவிட்டு, பக்கத்து அபார்ட்மெண்டில் முதல் நாள் இரவே வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி, காலையில் நேராக 50 ரூபாய்க்குக் கொடுத்தால் ரிட்டர்ன் என்ற பேச்சே இல்லை. சொல்லாமல் எடையைக் குறைப்பது மட்டும் வேண்டாம். பாக்கெட்டில் எழுதிய எடை இருந்தே ஆக வேண்டும், வீட்டு மாவை நம்பி வாங்குகிறவர்கள் அதை மறக்கமாட்டார்கள்.

முப்பது நாள் கணக்கு பார்த்தும், விலை ஏற்றியும், கூலி தேறவில்லை என்றால் நிறுத்துவதில் தவறே இல்லை. அதற்கும் ஒரு வரிசை உண்டு. நிறுத்தப் போவதாகச் சொல்வதற்கு முன் கடைகளில் நிற்கும் பாக்கியை வசூலித்துவிடுங்கள், செய்தி தெரிந்த பிறகு அந்தப் பணம் வருவது கஷ்டம். அட்வான்ஸ் வாங்கியவற்றை முடித்துக் கொடுங்கள், இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள். புது ஈட்டுக்கு அரிசி வாங்காமல் இருக்கும் சரக்கை விற்றுத் தீருங்கள். அச்சடித்த கவர்களில் அக்காவின் பதிவு எண் இருப்பதால் அவற்றை யாருக்கும் கொடுக்காமல் வெட்டிப் போட்டுவிட வேண்டும். கிரைண்டரை ஓட்டத்தில் இருக்கும்போதே, வாங்க வருகிறவர் முன்னால் ஒரு ஈடு அரைத்துக் காட்டி விற்றால் நல்ல விலை போகும். வாடிக்கையாளர்களின் எண்களை, அவர்களிடம் கேட்டுவிட்டு, அக்கம்பக்கத்தில் மாவு போடும் இன்னொரு பெண்ணிடம் கொடுத்துவிடலாம். அவரிடம் தன் கூலியையும் சேர்த்து விலை வைக்கச் சொல்லுங்கள்.